படுத்துப் பார்க்க வேண்டிய வயல்

எண்பத்தோராம் ஆண்டு ஆவணிக் கடைசியில் நற்பிட்டிமுனை அபூசாலி உழவு மெசினிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். மெசினை ஓட்டியவர் அவருடைய சின்ன வயதுக் கூட்டாளி பதியுதீன். மட்கார்டில் குந்தியபடி, மெசின் சத்தத்தையும் மிஞ்சிக் கதைத்துக்கொண்டு வந்த அபூசாலி, வாய்க்கால் மதகில் சில்லு துள்ளியபோது சொல்லிக்கொண்டிருந்ததை முடிக்காமலே கீழே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டி மாதக்கணக்கில் கிடத்த வேண்டும் என்றார்கள். கிடப்பதென்றால் என் வீட்டிலேயே கிடக்கிறேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். நிற்பதற்கு அந்த ஒரு கால்தான் இருந்தது. அது சரியான முடிவா என்பது வேறு கதை. வீரமுனையிலிருந்து முறிவுப் பரியாரியார் நல்லரெத்தினம் வந்து, எலும்பை இழுத்துப் பொருத்தி, மருந்து அரைத்துப் பூசி, மூங்கில் பத்தைகள் வைத்துக் கட்டினார். கார்த்திகை கழியும்வரை மல்லாந்தே கிடக்க வேண்டும், இடுப்பைத் திருப்பக்கூடாது என்றார். எலும்பு விலகினால் கால் கட்டையாகும், பிறகு சேற்றில் இறங்குகிற எண்ணத்தையே விட்டுவிட வேண்டியதுதான் என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

அவருடைய மனைவி சுபைறாவுக்கு இது ஒன்றும் புதிய வேலை இல்லை. கலியாணத்துக்கு முன்பு அவள் ஓர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்ட்டில் உதவியாளாக நின்றவள். சுருக்கமில்லாமல் விரிப்பு விரிக்கவும், கிடக்கிறவரின் முதுகு புண்ணாகாமல் பார்க்கவும், நோயாளியின் வாயை நம்பாமல் முகத்து நிறத்தை நம்பவும் அங்கே பழகியிருந்தாள். கல்முனைக் கடற்கரையில் மணல் அள்ளுவித்து, கழுவிக் காயவைத்து, பழைய சாரன் துணியில் பைகளாகத் தைத்து, முறிந்த காலின் இரண்டு பக்கமும் அணை கொடுத்தாள். காலை மாலை முதுகைத் தேய்த்தாள். உடம்பு நல்லபடியாகத்தான் இருந்தது. மனுஷன்தான் இருக்கவில்லை.

பெரும்போக விதைப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. விதைப்பு நாளில் முதல் பிடி விதையைக் காணிக்காரர் தன் கையால் எறிய வேண்டும் என்பது அவர்களுடைய வயல் வட்டையில் வழமை. அபூசாலியின் வாப்பா எறிந்தார். அவருக்குப் பிறகு அபூசாலி எறிந்தார். சூறாவளி அடித்து வீட்டு ஓடெல்லாம் பறந்த வருஷத்தில்கூட அதை அவர் விட்டுக்கொடுத்ததில்லை. வேறொருவர் எறிந்தால் விளைச்சலில் இறைவனின் பரக்கத்து போய்விடும் என்பது அவர் எண்ணம். மார்க்கத்தில் அப்படி ஒன்றுமில்லை, வெறும் வழமைதான் என்று சுபைறா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் முகட்டைப் பார்த்தபடி கிடந்தார். பிறகுதான் தெரிந்தது, அவரும் பதியுதீனும் இரகசியமாக ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். விதைப்பன்று மெசினுக்குப் பின்னால் பூட்டும் பெட்டியில் வைக்கோல் பரப்பி, ஆளைக் கட்டிலோடு தூக்கி வைத்து, வட்டைக்குக் கொண்டுபோவது. தன் மெசினிலிருந்து விழுந்தவர் என்ற குற்ற உணர்ச்சியில் பதியுதீன் எதற்கும் ஓம் என்றிருந்தார்.

அந்த ரோட்டை சுபைறா அறிவாள். அந்தப் பெட்டியில் தேங்காய் ஏற்றினாலே உடைந்து வரும்.

தடுத்துச் சண்டை பிடித்தால் இன்னும் முறுக்கிக்கொள்வார். சண்டையைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும். என்னவென்று அவளுக்கே தெரியாது.

ஒரு பகல், சோறு கொடுத்துத் தட்டைக் கழுவிவிட்டு, களைப்பில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு மல்லாந்து படுத்தாள். கண்ணைத் திறந்தவள் அப்படியே கிடந்தாள். தலைக்கு மேலே ஒட்டறை தொங்கியது. தீராந்தி மரத்தில் குளவி கூடு கட்டியிருந்தது. ஓட்டு இடுக்கிலிருந்து கரித்தூள் உதிர்ந்து, வெயில் கோட்டில் மிதந்து, நேராகக் கட்டில் தலையணைக்கு இறங்கியது. தினமும் இரண்டு தரம் கூட்டித் துடைக்கிற வீடு அது. ஆனால் நின்றுகொண்டு கூட்டுகிறவளின் வீடு ஒன்று, கிடக்கிறவரின் வீடு வேறொன்று என்பது அவளுக்கு இவ்வளவு நாளும் படவில்லை.

“இந்த ஒட்டறையையா இவ்வளவு நாளும் பாத்துக்கொண்டு கெடந்தீங்க?” என்று கேட்டாள்.

“வேற என்ன இரிக்கி பாக்க? அதுக்குப் பேரும் வெச்சிட்டன். இது பெரியவர், அந்தா ஆடுறது மருமகன்” என்றார் அபூசாலி.

அன்று பின்னேரமே பெரியவரையும் மருமகனையும் கம்பில் சுற்றி எடுத்தாள். குளவிக்குப் புகை போட்டாள். கரித்தூளுக்கு ஒரே வழி, கலியாண வீட்டில் கட்டுவதுபோல மேலே வெள்ளை கட்டுவதுதான். ஊருக்குத் துணி வெளுத்துக் கட்டும் பாக்கியராசாக் கட்டாடியாருக்கு ஆள் அனுப்பினாள். அவர் வெளுத்த வேட்டிகளோடு வந்து, தீராந்தியோடு சேர்த்து ஒரு மூலையும் தொய்யாமல் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அறை பளிச்சென்று ஆனது. அபூசாலி இமைக்காமல் பார்த்தார்.

ஆனால் அந்த ஊரில் வெள்ளைத் துணி மூட்டையோடு கட்டாடியார் ஒரு வீட்டுக்குள் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சுபைறாவின் மகள் சுல்பிகாவுக்குப் பதினேழு வயது. அஸருக்குக் கட்டிய துணி, மஃரிபுத் தொழுகைக்கு முன் ஊரெல்லாம் கலியாணமாகிவிட்டது. அடுத்த நாள் காலை அபூசாலியின் மூத்த சகோதரி முனவ்வறா, முக்காடு சரிய, படலையைத் தட்டாமல் உள்ளே வந்தார். அவருடைய மகன் மசூர் சுல்பிகாவுக்கு முறை மச்சான். சுல்பிகா தன் மருமகள்தான் என்று அவர் எப்போதோ மனதில் முடித்து வைத்திருந்தார்.

“சுபைறா, நேரா மறுமொழி சொல்லு. புள்ளய யாருக்குக்கா குடுக்கப் போறாய்? என்ட மகனுக்கு என்னகா கொறச்சல்?”

“மதினி, இது ஒங்கட தம்பிட காலுக்குக் கலியாணம். மாப்பிள்ள உள்ளுக்குக் கெடக்காரு, போய் ஸலாம் சொல்லுங்க” என்றாள் சுபைறா.

முனவ்வறா அறைக்குள் போய் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு அப்படியே கட்டில் காலடியில் குந்தி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வயிறு நோகும்வரை சிரித்துவிட்டு, துணியை அவிழ்த்துவிட வேண்டாம், எதற்கும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்பு சுபைறாவைத் தொற்றிக்கொண்டது. நாற்பது வயதுவரை அவள் வீட்டுக்கு அலங்காரம் என்று எதுவும் செய்ததில்லை. பெருநாளுக்குச் சுண்ணாம்பு அடிப்பாள், திரை மாற்றுவாள், அவ்வளவுதான். இப்போது தலைக்கு மேலே ஓர் அறை அகலத்துக்கு வெள்ளைத் துணி விரிந்து கிடந்தது. வீடோ அவளுடைய சீதன வீடு. என்ன செய்தாய் என்று கேட்க ஆளில்லை. மருதமுனையில் சின்ன வயதில் அவளோடு குர்ஆன் ஓதிய றாபியா இருந்தாள். றாபியாவின் வளவில் நூலுக்குச் சாயம் போடுவார்கள், தறியும் நெய்வார்கள். தறியில் சாரனை அறுத்தெடுத்த பிறகு மிஞ்சுகிற நூல் துண்டுகளை ஒரு சாக்கு நிறையக் கேட்டு வாங்கிவந்தாள். மேசைமேல் ஏறி நின்று, சாக்கு ஊசியால் அந்தத் துணியில் அபூசாலியின் வயலைத் தைக்கத் தொடங்கினாள்.

வரம்புக்கு மண் நிறக் கபில நூல், வாய்க்காலுக்கு நீலம். வரவை வரவையாக, ஒவ்வொரு பாத்தியாகப் பிரித்துத் தைத்தாள். அந்த நிலத்துக்கு எத்தனையோ வருஷம் சோறு சுமந்தவள், ஒரு வளைவும் பிசகவில்லை என்று நினைத்தாள். இரண்டு நாள் கழுத்து நோகத் தைத்து முடித்து இறங்கினாள். அபூசாலி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு கட்டில் அதிரக் கத்தினார், வாய்க்கால் மேற்குப் பக்கம் போய்விட்டதாம்.

அவளும் படுத்துப் பார்த்தாள். உண்மைதான். கீழே குனிந்து பார்க்கிற வயலை அவள் அப்படியே மேலே தைத்திருந்தாள். அண்ணாந்து பார்க்கிறவருக்குக் கிழக்கும் மேற்கும் இடம் மாறிவிட்டன. சுபைறாவுக்கு ஆத்திரம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தைத்தாள். இந்த முறை அவர் கிடந்தபடி கட்டளையிட்டார். அந்த வரம்பு வளையாது, தண்ணீர் பங்கிடும் வட்டவிதானை வந்து கயிறு பிடித்து நேராக்கியது என்றார். மருத மரத்தை மறந்துவிட்டாய் என்றார். மருத மரத்துக்குப் பச்சை நூல் குஞ்சம் கட்டினாள். போன போகத்துக் கதிர்க் கொத்துகளை மேட்டு வரவையில் தொங்கவிட்டாள். கொக்குக்குச் சிப்பிகள் கோத்தாள். கொக்கு ஒரே இடத்தில் நிற்காது என்று அவர் சொன்னதால் தினமும் சோறு கொடுக்க வரும்போது அதை ஒரு வரவை தள்ளி மாட்டினாள்.

பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று, இதென்ன நூல் சிக்கல் என்றார்கள். அபூசாலி விளக்கம் சொல்லிக் களைத்துப் போனார். கடைசியில் சுபைறா அறையில் இரண்டு பாய்களை நிரந்தரமாக விரித்துப் போட்டாள். வருகிறவர்கள் வரிசையாக மல்லாந்து படுத்தார்கள். ஒரு நாள் எட்டிப் பார்த்த முனவ்வறா, மையத்து வீட்டில் பிணம் மாதிரிக் கிடக்கிறீர்களே என்று ஏசிவிட்டுத் தானும் படுத்தார். படுத்த பிறகு அவர் எழும்புவதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

இத்தனைக்கும் பிறகும் அபூசாலி விதைப்புக்குப் போகிற எண்ணத்தை விடவில்லை. வயலை மேலே பார்க்கப் பார்க்கக் கீழே போய்ப் பார்க்கும் ஆசைதான் கூடியது. மழை இரண்டு பாட்டம் பெய்தது. வட்டைக்குத் தண்ணீர் வந்தது. விதை நெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி முளைக்க வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை கழித்து விதைப்பதென்று பேச்சு.

சுபைறா ஒரு முடிவுக்கு வந்தாள். அவருடைய காலடிப் பக்கத்துச் சுவர் வெறுமையாக இருந்தது. விதைப்பன்று காலை அதையும் வயலாக்கிவிடுவது. சுவர் முழுக்க நீலம் பூசி, வட்டைக்குத் தண்ணீர் பாய்ந்ததுபோல் செய்துவிட்டு, இனி என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று அவரையே கேட்பது. கட்டளையிட ஒரு சுவர் கிடைத்தால் மனுஷன் அன்றைக்கு அசையமாட்டார் என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கு பிழைத்தால் அவள் கையில் வேறொன்றும் இல்லை.

விதைப்பன்று சுபஹுத் தொழுகை முடிந்ததும் சுல்பிகாவை வாப்பாவுக்குக் காவல் வைத்துவிட்டு மருதமுனைக்குப் போனாள். றாபியா சாயத் தொட்டியில் நூல் முக்கிக்கொண்டிருந்தாள். தொட்டி நிறைய ஆழமான நீலம். இதில் ஒரு குடம் தா, சுவருக்கு என்றாள் சுபைறா. றாபியா தயங்காமல் அள்ளிக் கொடுத்தாள். குடத்து வாயை இறுக்கிக் கட்டு, போனதும் பூசிவிடு, வைத்துக்கொண்டிருக்காதே என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. மருதமுனையில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரிந்த ஒன்றை யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா?

வீட்டுக்கு வந்து, ஜன்னலை அகலத் திறந்து, அபூசாலியின் மூக்குக்குத் துணி கொடுத்துவிட்டு, சாயத்தைக் கொஞ்சம் சுண்ணாம்பில் கலந்தாள். கூழ்முட்டை மணம். தும்புத் தடியால் மேலிருந்து கீழாக இழுத்து இழுத்துப் பூசினாள். சுவர் நல்ல நீலமாக நனைந்து நின்றது. கடைசி இழுப்பை இழுத்துக்கொண்டிருக்கும்போதே படலையில் பதியுதீனின் மெசின் வந்து நின்றது. பெட்டியில் வைக்கோல் பரப்பியிருந்தது. தூக்குவதற்கு ஆட்களும் வந்திருந்தார்கள்.

“இஞ்ச பாருங்க, தண்ணி பாய்ச்சிட்டன். இனி என்ன செய்யட்டும்?” என்றாள் சுபைறா. மூச்சு வாங்கியது.

அபூசாலி சுவரைப் பார்த்தார். நல்லாயிருக்கிறது, வந்து மிச்சத்தைச் சொல்கிறேன், இப்போது ஆட்களைக் கூப்பிடு என்றார். சுபைறா தடியை வாளிக்குள் போட்டாள். பதியுதீன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் ஏறுகிற சத்தம் கேட்டது.

“சுபைறா, கிறுகிப் பாரு புள்ள” என்றார் அபூசாலி. குரல் மாறியிருந்தது.

அவள் திரும்பினாள். முதலில் பூசிய மேல் ஓரத்தில் நீலம் வெளிறிப் பச்சை படர்ந்துகொண்டிருந்தது. சாயம் கெட்டுவிட்டது, அல்லது சுண்ணாம்பு கூடிவிட்டது என்று நினைத்தாள். துணியை நனைத்துத் துடைக்கப் போனாள்.

“தொடாத! அப்பிடியே விடு. பதியுதீன், சத்தம் போடாம உள்ளுக்கு வந்து பாயில படு.”

“என்ன மச்சான், நேரம் போகுது...”

“படுடா.”

பதியுதீன் படுத்தார். தூக்க வந்தவர்கள் வாசலில் நெருக்கியடித்து நின்றார்கள். பச்சை மேலிருந்து கீழாக இறங்கியது, தண்ணீர் வற்றுகிற பாத்திகளில் முளை தலைகாட்டுவதுபோல. தடி இழுத்த கோடுகளெல்லாம் பயிர் வரிசையாகின. ஜன்னலால் வந்த காற்று பட்ட இடம் முந்திக்கொண்டது. அங்கே பச்சையும் போய், கதிர் முற்றிய மஞ்சள் எட்டிப் பார்த்தது. அந்த மஞ்சள் பக்கத்துப் பச்சையைத் தின்றுகொண்டே பரவியது. கீழே இன்னும் தண்ணீர், நடுவில் பயிர், மேலே அறுவடை. ஒரு பெரும்போகம் முழுவதும் ஒரு சுவரில் ஒரே நேரத்தில் நின்றது.

“ஏண்ட அல்லாஹ்” என்றார் பதியுதீன், பாயில் கிடந்தபடி. “விதைக்கமுந்தி வெளைஞ்சிட்டு மச்சான்.”

அபூசாலியின் கண் சுவரை விட்டு அகலவில்லை. மெசினில் இருந்த விதைக் கூடையைக் கட்டிலுக்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னார். கூடை வந்தது. முளைகட்டிய நெல்லுக்குள் கையைப் புதைத்து, ஒரு பிடி அள்ளினார். எறிவதென்றால் உடம்பு திரும்பும் என்று சுபைறாவுக்குச் சட்டென்று பட்டது. பாய்ந்து போய் மணல் பைகளோடு அவருடைய இடுப்பை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்தாள்.

“முழங்கைக்குக் கீழதான் எறியோணும். தோள் எழும்பினா விடமாட்டன்” என்றாள்.

“விடாத. நல்லாப் பிடி” என்றார் அவர். பிறகு கண்ணை மூடி, “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி, மணிக்கட்டை மட்டும் சுழற்றி வீசினார்.

விதை சடசடவென்று சுவரில் அடித்தது. ஈரம் காயாத கீழ்ப்பகுதியில் ஒரு கொத்து ஒட்டிக்கொண்டது. மிச்சம் தரையெல்லாம் சிதறியது. வாசலில் நின்றவர்கள் தங்களை அறியாமல் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள்.

“மொதல் பிடி போட்டாச்சு” என்றார் அபூசாலி. “மிச்சத்த நீ கொண்டுபோய் வெத மச்சான். மேட்டு வரவையில கொஞ்சம் செறிச்சு வெத. மறுகா வந்து ஒண்டும் விடாமச் சொல்லு.”

பதியுதீன் எழுந்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, சுவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். மெசின் உறுமிக்கொண்டு தெருவில் இறங்கியது. பெட்டியில் வைக்கோல் ஆளில்லாமல் குலுங்கியது.

சுபைறா முதலில் காலைத்தான் பார்த்தாள். பத்தைகள் நகரவில்லை, கட்டு தளரவில்லை, விரல்கள் சூடாக இருந்தன. அதன் பிறகே மற்றது. தரையில் சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளிக் கோழிக்குப் போட்டாள். சாய வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். பகலுக்குள் சுவர் முழுக்க மஞ்சளாகிவிட்டது. பின்னேரம் வந்த றாபியா, அந்தச் சாயம் தொட்டியில் நீலமாகத்தான் இருக்கும், காற்றுப் பட்டால்தான் மஞ்சளாகும், இது தெரியாமலா கேட்டாய் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன் என்றாள் சுபைறா.

அபூசாலி அதற்குப் பிறகு எழும்புகிற பேச்சை எடுக்கவில்லை. வலது பக்கச் சுவருக்கு என்ன செய்வதென்று கதைக்கவே அவருக்கு நேரம் போதவில்லை. கார்த்திகைக் கடைசியில் நல்லரெத்தினம் பரியாரியார் வந்து, கட்டை அவிழ்த்து, தொடையை மெல்ல அமுக்கிக்கொண்டே போனார். முகம் மலர்ந்தது. எலும்பு கூடிவிட்டது, மெல்ல நிறுத்திப் பார்க்கலாம் என்றார்.

ஒரு பக்கம் சுபைறா, மறுபக்கம் பரியாரியார். அபூசாலி வேர்த்து விறுவிறுத்துக் கட்டிலை விட்டு எழுந்தார். எல்லாரும் அவருடைய முகத்தைப் பார்த்தார்கள். சுபைறா குனிந்து தரையைப் பார்த்தாள். இரண்டு குதிகளும் ஒன்றாகப் பதிந்து நின்றன.